பாக்கெட்டின் மேல் ஒரு கழுத்து

பாடாங் செராய் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள கடைவரிசையில் முதலில் விளக்குப் போடுகிறவர் வைரக்கண்ணு அண்ணன்தான். அவர் பேப்பர் கட்டைப் பிரித்து உதறுகிற சத்தம் கேட்டபிறகுதான் மூலையில் கோப்பிக்கடைக்காரன் அடுப்பை மூட்டுவான். நான் என் தையல் கடையின் இரும்புக் கதவைத் தூக்குவேன். கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் ஒரு பலகை, அதன்மேல் தமிழ், மலாய், சீனப் பேப்பர்கள். பக்கத்தில் கண்ணாடி அலமாரி நிறைய சிகரெட். இனிப்பு, தீப்பெட்டி, கச்சான் கடலைப் பொட்டலம் எல்லாம் சும்மா ஒப்புக்கு. சோறு போட்டது அந்த அலமாரிதான்.

கையுறைத் தொழிற்சாலைகளில் இரவு வேலை முடிந்து பஸ்கள் வந்து நிற்கும். நேப்பாளிகள், வங்காளதேசிகள், நம் பிள்ளைகள் என்று ரப்பர் பால் வாடையோடு இறங்கி நேரே அவரிடம்தான் வருவார்கள். வாயைத் திறக்கவே வேண்டாம். முகத்தைப் பார்த்ததுமே அவர் கை அலமாரிக்குள் போய் பாக்கெட்டோடு வெளியே வரும். கூடவே ஒரு கிண்டலும் வரும்.

"என்னடா, மொகம் வீங்கியிருக்கு? சூப்பர்வைசர் முத்தம் குடுத்தானா?"

அவரும் அதே அலமாரியிலிருந்து எடுத்துப் பிடிப்பார். அவர் மனைவி தனபாக்கியம் அக்கா திட்டுவார். "விக்கிறதுல பாதிய நீங்களே ஊதிருங்க. நான் சட்டிய மோந்து பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்." அக்கா மத்தியானச் சோற்றைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து, அவர் சாப்பிடும்வரை கடையைப் பார்த்துக்கொள்வார். நெத்திலி சம்பால் வைத்த நாளில் எனக்கும் ஒரு கிண்ணம் வரும்.

பக்கத்துக் கடை வெகுநாள் பூட்டிக் கிடந்தது. அதை ஜீவேந்திரன் எடுத்தான். பதினேழு வயதில் ஒளிந்து ஒளிந்து சிகரெட் கேட்டு அண்ணனிடம் காதில் திருகு வாங்கிக்கொண்டு ஓடியவன். இப்போது தாடி, மோதிரம், பெரிய மோட்டோர் சைக்கிள்.

"மாமா, பக்கத்து லாட்ட நான்தான் எடுத்திருக்கேன். கோச்சுக்காதீங்க."

"நான் ஏன்டா கோச்சுக்கணும்? என்ன கடை, ஹேண்ட்போனா?"

"வேப்பு மாமா. எலக்ட்ரிக் சிகரெட்டு."

அண்ணன் ஒரு கணம் அவனையே பார்த்தார். பிறகு சிரித்தார். "அந்தப் பஞ்சுமிட்டாய் மெஷினா? போடு, போடு. எத்தன நாளைக்கு இனிப்ப இழுப்பானுங்க? நாக்குல எறும்பு மொய்ச்சா திரும்பி எங்கிட்டத்தான வரணும்."

"அப்படி வந்தா எனக்கும் சந்தோஷம்தான் மாமா," என்றான் ஜீவா. அவன் அதை மனதாரச் சொன்னான் என்றே இன்றும் நம்புகிறேன்.

யாரும் திரும்பி வரவில்லை. முதலில் போனவர்கள் காலேஜ் பிள்ளைகள். அதை அண்ணன் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்துத் தொழிற்சாலைப் பையன்கள் போனார்கள். கழிவறையில் நின்று இழுத்தால் சூப்பர்வைசருக்கு வாடையே தெரியாதாம், சட்டையில் நாறாதாம், வீட்டில் பெண்டாட்டி மூக்கைப் பொத்தமாட்டாளாம். ஒரு பாக்கெட் சிகரெட் விலைக்கு மேலே இன்னும் கொஞ்சம் போட்டால் ஒரு வாரம் ஓடுகிறதாம். காலையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் அண்ணனுக்குத் தலையை ஆட்டிவிட்டு, கூச்சத்தோடு பக்கத்துக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மழை நாளில் அஞ்சடி முழுவதும் மாம்பழ வாசமும் லைச்சி வாசமும் கலந்து, யாரோ பழச்சாறு கொட்டிவிட்டதுபோல் இருக்கும்.

"பாரு வாசுகி, இவனுங்க பேப்பரும் படிக்க மாட்றானுங்க, சிகரெட்டும் புடிக்க மாட்றானுங்க. என்னதான் மனுசனுங்களோ," என்று என்னிடம் சொல்வார். சிகரெட் கம்பெனி வேன் வாரம் தவறாமல் வந்தது. பிறகு வந்தால் வரும் என்றானது.

பொங்கல் சமயத்தில் அவர் குரல் கம்மியது. பஸ் இரைச்சலில் கத்திக் கத்தி இப்படியாகிவிட்டது என்றார். அக்கா தேனும் மிளகும் இடித்துக் கொடுத்தார். சித்திரை வந்தும் குரல் வரவில்லை. விழுங்கினால் வலி காதுவரை ஏறியது. பினாங்கு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். குரல்பெட்டியையே எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த மாதங்களில் அக்காதான் கடையைப் பார்த்தார். வியாபாரம் குறைந்திருந்தாலும் ஓடியது. ஊர் ஆட்கள், "அண்ணன் எப்படியிருக்காரு அக்கா?" என்று கேட்டுவிட்டு வாங்கிப் போனார்கள்; வேப் இழுக்கிறவன்கூட ஒரு பாக்கெட் வாங்கினான். அது உதவி.

தீபாவளி முடிந்து அண்ணன் கடைக்குத் திரும்பினார். உடம்பு பாதியாகியிருந்தது. கழுத்தின் அடியில், சட்டைப் பொத்தானுக்கு மேலே, ஒரு ஓட்டை. மூச்சு அதன் வழியாகத்தான். பேசவேண்டுமானால் டார்ச்லைட் மாதிரி ஒரு கருவியைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்துவார். தகர டப்பாவுக்குள் மாட்டிய வண்டுபோல் ஒரு குரல் வரும். ஏற்றமும் இறக்கமும் இல்லை. கிண்டலும் கோபமும் ஒரே மாதிரி ஒலிக்கும்.

"வந்துட்டேன்டா," என்றார் முதல் நாள் கோப்பிக்கடைக்காரனைப் பார்த்து. "வண்டு புடிச்சு வச்சிருக்கேன். சோறு போட வேணாம், பேட்டரி போட்டாப் போதும்."

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. "அங்கிள், எம்பேரச் சொல்லுங்க, எம்பேரச் சொல்லுங்க" என்று சுற்றி நிற்பார்கள். அவரும் ஒவ்வொரு பெயராக வண்டுக் குரலில் சொல்வார். மூக்கு வழியே காற்றுப் போகாததால் அவருக்கு வாசம் எதுவும் தெரியாமல் போயிற்று. "இது இப்ப சும்மா அலங்காரம்," என்று மூக்கைத் தொட்டுக் காட்டுவார். "ஜீவா கடை வாசத்துலேருந்து நான் ஒருத்தன்தான் தப்பிச்சேன்."

ஆனால் பெரியவர்கள் வருவது நின்றது. முதலில் எனக்குக் காரணம் புரியவில்லை. ஒருநாள் ஒரு நேப்பாளி இளைஞன் அலமாரி முன்னால் வந்து நின்றான். அண்ணன் வழக்கம்போல் அவன் பிடிக்கிற பாக்கெட்டை எடுத்து நீட்டினார். பாக்கெட்டின் மேல் அரசாங்கம் போடச் சொன்ன படம் இருந்தது. கழுத்தில் புண்ணும் ஓட்டையுமாக ஒரு ஆள். நேப்பாளி படத்தைப் பார்த்தான். நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான். பாக்கெட்டை மெதுவாகப் பலகைமேல் வைத்துவிட்டு, கச்சான் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு, மீதிக் காசுகூட வாங்காமல் போய்விட்டான்.

அன்று மத்தியானமே அக்கா என்னிடம் வந்தார். "கழுத்துக்குக் கட்ற துணி ஆஸ்பத்திரியில குடுத்தது வெள்ளையா, கட்டுப் போட்டாப்பல இருக்கு வாசுகி. சட்டை மாதிரி தெரியிறாப்பல தச்சுக் குடேன்."

தைத்தேன். மெல்லிய பருத்தியில், சட்டைக் காலர் வைத்து, பார்ப்பதற்கு உள்ளே இன்னொரு சட்டை போட்டிருப்பதுபோல. கோடு போட்டது, நீலம், சாம்பல். அண்ணன் மாட்டிக்கொண்டு என் நிலைக்கண்ணாடியில் பார்த்தார். கருவியை எடுத்து, "மாப்ள மாதிரி இருக்கேனா?" என்றார். ஓட்டை மறைந்தது. குரலை எந்தத் துணியால் மறைப்பது?

அக்கா சந்தைக்குப் போனபோது நானும் கூட இருந்தேன். மீன்கடைத் தவுக்கே, சீன முதலாளி ஆ ஹோக், முப்பது வருஷமாக அண்ணனிடம் தினம் ஒரு பாக்கெட் வாங்கியவர். மீன் செதில் ஒட்டிய விரலாலேயே வாங்குவார் என்று அண்ணன் அவருக்கென ஒரு துணியே அலமாரிமேல் போட்டு வைத்திருப்பார். இப்போது அவர் கழுத்தில் கயிறு கட்டி வேப் தொங்கியது.

அக்கா மீனைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார். "தவுக்கே, எங்க கடைப் பக்கம் ஏன் வர்றதில்ல?"

ஆ ஹோக் கெளுத்தியை வெட்டுவதை நிறுத்தினார். அவருக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும். "தங்கச்சி, நான் வந்தேன். ரெண்டு தடவ வந்தேன். தூரத்துல நின்னுட்டுத் திரும்பிட்டேன்."

"ஏன்? எங்க வீட்டுக்காரரு ஒட்டிக்கிற வியாதிக்காரரா?"

"அப்படிச் சொல்லாத. அவன் எனக்கு எடுத்துக் குடுக்குறான். பாக்கெட்டுல அந்தக் கழுத்து. நேர்ல இவன் கழுத்து. வாங்கிட்டு வந்து பத்த வச்சா, அவனையே பத்த வக்கிற மாதிரி இருக்கு." கத்தியைத் தண்ணீரில் அலசினார். "சண்ட போட்டுட்டு வராம இருந்தா வேற. நான் அவனப் பாக்க முடியாமதான் வரல. இந்தப் பிளாஸ்டிக்குல படம் ஒண்ணும் இல்ல."

"அப்ப நான் மட்டும் இருந்தா வருவீங்களா?"

ஆ ஹோக் கெளுத்தியைச் சுற்றி அக்காவின் கூடையில் வைத்தார். காசு வாங்கமாட்டேன் என்றார்.

வரும் வழியில் செம்பனைத் தோட்டத்துப் பக்கம் வானம் கறுத்து வந்தது. வீட்டுக்குள் நுழைவதற்கும் மழை அடிப்பதற்கும் சரியாக இருந்தது. எங்கள் வீடும் அவர்கள் வீடும் முதுகோடு முதுகு ஒட்டியவை. புதுக் கழுத்துத் துணிகளைக் கொடுக்க, சோறு ஆகிற நேரத்தில் நான் அவர்கள் வீட்டுக்கே போனேன். அண்ணன் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்திருந்தார். புளி போட்ட மீன் குழம்பும் குழைந்த சோறும் வைத்திருந்தார் அக்கா. அண்ணன் மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே."

அவர் இடது கையால் கருவியை எடுத்தார். "சொல்லு."

"கொஞ்ச நாளைக்கு நீங்க வீட்டுல இருங்களேன். மழை, பஸ்ஸுப் பொக, தூசி. ஓட்டைக்குள்ள போவுதுன்னு டாக்டரு..."

"டாக்டரு நடமாடச் சொன்னாரு."

"அதுக்கில்லைங்க." அக்கா கரண்டியைச் சட்டிக்குள் விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். "வர்றவங்க... பாத்துட்டுப் பயப்படுறாங்க."

மழை கூரைத் தகரத்தில் கொட்டியது. அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. இடது கையால் கருவியைத் தாடையில் வைத்தார்.

"என்னாலதான் யாவாரம் கெட்டுச்சா?"

"ஐயோ, அப்படி இல்லைங்க. ஏற்கெனவே அந்த வேப்பு..."

"வேப்பு பாதிய எடுத்துச்சு. மீதிய நான் எடுத்தேன். அப்படித்தான?"

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அண்ணன் தோள் குலுங்கியது. அவரும் அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாத அந்தச் சிரிப்பில் கழுத்துத் துணி மட்டும் உப்பி உப்பி அடங்கியது.

"அந்தப் படத்த நான் எத்தன ஆயிரம் பேருக்குக் கைல குடுத்திருப்பேன். ஒருத்தனும் பயப்படல. நான் வந்து உக்காந்ததும் பயப்படுறானுங்க. பரவாயில்ல, எனக்கு அவ்வளவு மதிப்பு." பிறகு தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். "நாளைலேருந்து நீயே தொறந்துக்க. பேப்பர்க்காரன் வர்றப்ப எண்ணி வாங்கு, ஏமாத்துவான்."

அப்படி அவர் வீட்டில் தங்கினார். கொல்லையில் வெண்டை போட்டார். தன் கழுத்துத் துணிகளைத் தானே துவைத்துக் கொடியில் காயப்போட்டார்; எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் சின்னச் சின்னக் காலர்கள் வரிசையாக ஆடும். சாயங்காலம் அக்கா வந்து செருப்பைக் கழற்றியதும் முதல் கேள்வி அதுதான். வண்டுக் குரல் எங்கள் வீடுவரை கேட்கும்.

"யாவாரம் எப்படி?"

ஆனால் அவர் கடையை விட்டுப் போனபின்பும் யாரும் திரும்பி வரவில்லை. அக்கா மறுபடியும் ஆ ஹோக்கிடம் போனார். அண்ணன் இப்போது கடையில் இல்லை என்று சொன்னார். அந்த மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாராம்: "பழகிப்போச்சு தங்கச்சி. ஒண்ணு பத்த வச்சுப் பாத்தேன். நாக்கு கசக்குது, இருமுது. இனிமே சிகரெட்டு ஏறாது."

அக்கா என் தையல் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். வெளியே வெயில் எரித்தது. "வாசுகி, அவரு தெனமும் கேக்குறாரு. நான் என்ன சொல்லுவேன்? நல்லா ஓடுதுன்னா, தன்னாலதான் கெட்டுச்சுன்னு குத்தும். ஓடலன்னா, எதுக்கு என்ன வீட்டுல கெடத்துனன்னு ஆயிரும்."

"நீங்க என்ன சொல்றீங்க அக்கா?"

"ஓடுதுன்னுதான் சொல்றேன். அவரு வீட்டுல கெடக்குறதுக்கு ஒரு பலனாவது இருக்கட்டுமே."

கொஞ்ச நாளில் கம்பெனி வேன் நின்றே போயிற்று. அலமாரி காலியானது. பேப்பரும் சொற்பம். ஜீவாதான் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்தான். "அத்தே, தப்பா எடுத்துக்காதீங்க. பின்னால பாட்டில்ல லேபல் ஒட்ட ஆள் வேணும். ஆன்லைன் ஆர்டர் நெறைய. நீங்க வெளிய நிக்கவே வேணாம். யாரும் பாக்க மாட்டாங்க."

"ஒன் மாமா கடைய விழுங்குன கடையிலயே நான் வேல பாக்கணுமாடா?"

"விழுங்குனது நான் இல்ல அத்தே. நான் இல்லன்னா இன்னொருத்தன் போட்டிருப்பான்." குனிந்துகொண்டான். "ஆனா பக்கத்துலயே போட்டது நான்தான். அது எனக்குத் தெரியும்."

அக்கா அவன் கடையின் பின்னறைக்குப் போனார். காலையில் பேப்பர் விற்றுவிட்டுப் பலகையைச் சாத்துவார். பிறகு மாலைவரை ஸ்டிக்கர் ஒட்டி, பெட்டியில் அடுக்குவார். கையெல்லாம் மாம்பழம், ஸ்ட்ராபெரி, மெந்தால். சவுக்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் அந்தக் கையால்தான் அண்ணனுக்குச் சோறு போட்டார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. "யாவாரம் எப்படி?" என்பார். "இன்னிக்குப் பரவாயில்லைங்க. பேங்க்குல வேல பாக்குறவங்க வந்து வாங்குனாங்க. ஆ ஹோக்கும் வந்தாரு," என்பார் அக்கா. சம்பளம் கையில் வந்த நாளில் இறால் வாங்கிப்போவார், பொய்க்கு ஒரு சாட்சி வேண்டுமே.

ஆடி மாதத்தில் ஒருநாள் பதினொரு மணி வாக்கில் அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கினார். நான் தைத்துக் கொடுத்த நீலக் காலர், தேய்த்த சட்டை, கையில் ஒரு பை வெண்டைக்காய். கடைக்காரர்களுக்குக் கொடுக்கக் கொண்டுவந்திருப்பார்போல. எனக்கு மிஷினில் கால் நின்றுவிட்டது, எழுந்து அஞ்சடிக்கு வந்தேன்.

சாத்திய பலகையின் முன்னால் நின்றார். கண்ணாடி அலமாரியைக் குனிந்து பார்த்தார். உள்ளே தூசியும் ஒரு செத்த பல்லியும். அந்த நேரம் பார்த்து, கண்ணாடிக்கு உள்ளே ஜீவா கடையின் பின்னறைக் கதவு திறந்தது. மேசை நிறையப் பாட்டில்கள், அவற்றுக்கு நடுவில் அக்கா, மூக்குக் கண்ணாடியை நுனியில் போட்டுக்கொண்டு, குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. கதவு மூடியது.

அண்ணன் என் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மூச்சு ஓட்டையில் விசிலடித்தது. கருவியைத் தாடையில் வைத்தார்.

"எப்போலேருந்து?"

"மூணு நாலு மாசம் இருக்கும்ண்ணே."

"மத்தியானம் சாப்புடுறாளா?"

"சில நாளு. வேல இருந்தா டீயோட விட்டுருவாங்க."

வெண்டைக்காயை என் மேசைமேல் வைத்தார். "நான் வந்தது அவளுக்குத் தெரிய வேணாம்."

"அண்ணே, நீங்க சொல்லிருங்களேன். அவங்க மனசுல எவ்வளவு..."

தலையை ஆட்டினார். "அவ சொன்னா சொல்லட்டும். கஷ்டப்பட்டு ஒரு கடைய நடத்துறா வாசுகி. இல்லாத கடைய. அத நான் போய் மூடுறதா?"

அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். அன்று மாலை நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. அதே கேள்வி, அதே குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அந்தக் கருவிக்கு அன்று நன்றி சொன்னேன். அக்கா ஏதோ சொன்னார். "நல்லது, சாப்புடு மொதல்ல. நானே சமைச்சு வச்சிருக்கேன்," என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து வீட்டில் சமையல் அவருடையதாயிற்று. உப்பும் புளியும் தாறுமாறாக இருக்கும் என்று அக்கா சொல்வார். காலையில் தூக்குச்சட்டியில் சோறு கட்டி அவரே கையில் கொடுத்தனுப்பினார். "கடையில ஆள் இருந்தாலும் பரவால்ல, மத்தியானம் சாப்டுறணும்" என்று அவர் சொன்னதை அக்கா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

வியாதி திரும்பி வந்தபோது நுரையீரலுக்குப் போயிருந்தது. தை பிறக்குமுன் முடிந்துவிட்டது.

கருமாதி அன்று வீட்டில் நிற்க இடமில்லை. ஜொகூரிலிருந்து மகள் மேகலா, அண்ணனின் தங்கைகள், தொழிற்சாலைப் பையன்கள், வாசலில் ஒரு நாற்காலியில் ஒதுங்கி ஆ ஹோக். படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்துப் படையல் வைத்தார்கள். ஆட்டுக்கறி, இறால், உளுந்து வடை, கோப்பி, ஒரு பீர். அண்ணனின் மூத்த தங்கை இலையைப் பார்த்துவிட்டு, "சிகரெட்டு எங்க? எங்கண்ணன் அது இல்லாம சாப்புட்டதே கெடையாது," என்றார்.

"அத்தே, அதுதான அப்பாவக் கொன்னுச்சு," என்றாள் மேகலா.

"கொன்னா என்ன, அவன் ஆசப்பட்டது. வைக்காமப் போனா ஆத்துமா கொறப்படும்."

மேகலா அழுது சிவந்த கண்ணோடு அம்மாவைப் பார்த்தாள். "சரிம்மா, வச்சுருவோம். கடைச் சாவியக் குடுங்க. ஜீவாவ அனுப்பி அலமாரிலேருந்து ஒரு பாக்கெட் எடுத்துட்டு வரச் சொல்றேன்."

ஜீவா தரையைப் பார்த்தான். அக்கா படத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாலை போட்ட படத்தில் அண்ணன் குரல் போகுமுன் எடுத்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா அவளிடம் சொல்லவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தே சொன்னார்.

"கடையில சிகரெட்டு இல்ல. ரொம்ப நாளா இல்ல. கடையே இல்ல."

"என்னம்மா சொல்றீங்க? போன்ல நல்லா ஓடுதுன்னு..."

"ஒருத்தரும் வரலங்க. நீங்க வீட்டுல உக்காந்ததுக்கு அப்புறமும் ஒருத்தரும் வரல. நான் சும்மா ஒங்கள வெரட்டிட்டேன். ஜீவா கடையில லேபல் ஒட்டித்தான் சோறு போட்டேன். தெனமும் பொய் சொன்னேன்."

வாசலில் ஆ ஹோக் எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

நான் போய் அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "அக்கா, அண்ணனுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஆடி மாசம் ஒருநாளு கடைக்கு வந்தாரு. நீங்க பின்னால லேபல் ஒட்டிக்கிட்டிருந்தீங்க. பாத்தாரு. மத்தியானம் சாப்புடுறாளான்னு எங்கிட்டக் கேட்டாரு. ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு."

அக்கா என் முகத்தையே பார்த்தார். நான் சொன்னது உள்ளே போய்ச் சேர நேரமானது. உதடுகள் மாதங்களை எண்ணுவதுபோல் அசைந்தன. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி.

"அதுக்கப்புறமும் தெனமும் கேட்டாரே வாசுகி," என்றார். "தெனமும், நான் வந்து செருப்பக் கழட்டுறதுக்குள்ள கேட்டாரே."

பூசாரி கற்பூரம் எங்கே என்று கேட்டார். அக்காவே எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எடுத்துவர உள்ளே போனார்.